ஏழாம் குழிச் சாம்பல்

ஜனவரி 11, சனி

வந்து சேர்ந்தாயிற்று. "வேதத்து மண்ணில சமைக்கப் போறீரு. தினம் நாலு வரி எழுதும் ஓய், வந்ததும் சபையில வச்சு வாசிப்போம்" என்று சொல்லி இந்த டைரியைக் கொடுத்தவர் எங்கள் சபைக் குருவானவர். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். நான் இதுவரை சாமான் பட்டியல் தவிர வேறெதுவும் எழுதியவன் இல்லை. ஆனாலும் ஐயர் பேச்சைத் தட்ட முடியுமா?

இது ஜோர்டான் நாடு. கூடாரத்தை விட்டு வெளியே வந்தால் தெற்கே சாக்கடல் தெரிகிறது. எதிரே ஒரு பெரிய மண்மேடு. அதைத்தான் தோண்டுகிறார்கள். உள்ளே இருப்பது சோதோம் பட்டணமாம். பாவம் பெருத்துப் போய், வானத்திலிருந்து தீ விழுந்து, ஒரே நாளில் சாம்பலாகிப் போன ஊர். தப்பி ஓடும்போது திரும்பிப் பார்த்த லோத்தின் மனைவி உப்புத் தூணாய் நின்ற கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். என் மனைவி ஞானப்பூ வழியனுப்பும்போதே சொல்லிவிட்டாள்: "எங்க வேணும்னாலும் போங்க. அங்க போயித் திரும்பி மட்டும் பாத்திராதீய."

இருபது வருஷம் துபாய், தோஹா என்று கம்பெனி மெஸ்களில் சமைத்தவன் இந்த அருமைநாயகம். எங்கள் சபை அசன விருந்துக்கு மூவாயிரம் பேருக்குச் சோறும் கறியும் இறக்கியவன். இங்கே மொத்தம் நாற்பது பேர். ஆனால் தலைவர் டாக்டர் ஹாலிஸ் என்னை எடுத்தது சமையலுக்காக இல்லை. பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் நாசரேத் என்று இருந்ததாம். அது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் என்று எடுத்துச் சொன்னேன். "அதனாலென்ன!" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அமெரிக்கர். நல்ல மனுஷன். உப்புதான் அதிகம் கேட்கிறார்.

ஜனவரி 12, ஞாயிறு

இங்கே தலைவர் ஒருவரில்லை, இருவர். ஹாலிஸ் பாதி, டென்மார்க் நாட்டு டாக்டர் பிர்கிட்டா பாதி. மேடும் பாதி பாதி, பணமும் பாதி பாதி. ஹாலிஸ் இதைச் சோதோம் என்கிறார். பிர்கிட்டா அம்மா இது ஏதோ ஒரு பழைய ஊர், அவ்வளவுதான் என்கிறார். பதினோரு வருஷமாக இதே சண்டை. சாப்பாட்டு மேஜையின் இரண்டு கோடியிலும் உட்கார்ந்துகொண்டு, நடுவில் இருப்பவன் தட்டுக்கு மேலே சண்டை போடுகிறார்கள். இன்று என் கோழிக் குழம்பை யாரும் கவனிக்கவே இல்லை. எனக்கு வந்ததே கோபம். ஆறிப்போன குழம்பைச் சூடு பண்ணித் தரமாட்டேன் என்று அறிவித்துவிட்டேன்.

அடுக்களையில் எனக்குத் துணை உம்மு நாயிஃப். இந்த ஊர்க்காரி. ஐம்பது வயது இருக்கும். வெளியே மண் அடுப்பில் ரொட்டி சுடுவது அவள் வேலை. ஒலிவ மரக் கிளைகளை வெட்டிக் காயவைத்து எரிக்கிறாள். எனக்குத் தெரிந்த கல்ஃப் அரபியில் பேசினால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ரொட்டி நன்றாக இருக்கிறது.

ஜனவரி 13

தமிழ்க் குரல் ஒன்று கேட்டது! "அண்ணே, ரசம் கிடைக்குமா?" என்று ஒரு பெண் கூடாரத்துக்குள் தலையை நீட்டினாள். காரைக்குடிப் பெண், உமையாள். முப்பத்தொரு வயது. ஐந்து வருஷமாக இந்த மேட்டை வைத்துத்தான் பிஎச்.டி. செய்கிறாளாம். பிர்கிட்டா அம்மாவின் மாணவி. ஹாலிஸுக்கும் அவளைப் பிடிக்கும். குழியில் கிடைப்பதையெல்லாம் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிப் பத்திரப்படுத்துவது அவள் பொறுப்பு.

ரசம் கொடுத்தேன். மூன்று தம்ளர் குடித்தாள். கண் கலங்கிவிட்டது. மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருந்தேன், அதுவாகவும் இருக்கலாம்.

ஜனவரி 16, வியாழன்

ஏழாம் குழியில் சாம்பல்! கையளவு இல்லை, குழியின் ஓரமாய் முழங்கால் உயரத்துக்கு ஒரு படிவம். ஹாலிஸ் குழிக்குள் முழந்தாள் போட்டு ஜெபம் செய்தார். பிர்கிட்டா அம்மா மேலே நின்று, "இதைப் பரிசோதிக்கும்வரை இது வெறும் சாம்பல்" என்றார்.

உமையாள் எனக்கு விளக்கினாள். "இந்தச் சாம்பல்ல இருக்கிற கரியை வச்சு எந்தக் காலத்துல எரிஞ்சதுன்னு சொல்லிடலாம்ணே. என் ஆராய்ச்சியே இதுலதான் நிக்கிது. இது சரியா வந்தாத்தான் அடுத்த வருஷம் தோண்ட அனுமதி குடுப்பாங்க. இல்லாட்டி அவ்வளவுதான், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

"சோதோமா இல்லியான்னு தெரிஞ்சிருமா?"

"அது தெரியுமோ என்னமோ. எனக்குப் பட்டம் கிடைக்குமா இல்லையான்னு தெரிஞ்சிரும்."

நான் இன்று இரவு ஜெபத்தில் இரண்டையும் கேட்டுக்கொண்டேன்.

ஜனவரி 18

மழை. உமையாளின் பொருள் வைக்கும் கொட்டகை ஒழுகுகிறது. சாயங்காலம் என் சாமான் அறைக்கு வந்து எதையோ வைத்துவிட்டு ஏதோ சொன்னாள். நான் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கும்போது யார் என்ன சொன்னாலும் "சரிம்மா" என்றுதான் சொல்வேன். இருபது வருஷமாக அப்படித்தான். இதுவரை ஒன்றும் குடி முழுகிப்போனதில்லை.

ஜனவரி 20, திங்கள்

வியாழக்கிழமை அமெரிக்காவிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். ஹாலிஸுக்குப் பண உதவி செய்யும் சபைக்காரர்கள். பாத்திரங்களைப் பார்த்தேன். அடியெல்லாம் கரி. இந்த எலுமிச்சை வாசனைத் திரவத்தை நான் பாத்திரம் துலக்கும் பொருளாகவே மதிப்பதில்லை. அதுவும் தீர்ந்துவிட்டது. அடுத்த லாரி சனிக்கிழமைதான்.

சாமான் அறையில் மூன்று வெள்ளை டப்பா இருந்தது. மேலே எண் எல்லாம் போட்டு இங்கிலீஷில் 'சாம்பல்' என்று எழுதியிருந்தது. அந்த அளவுக்கு எனக்குப் படிக்கத் தெரியும். திறந்து பார்த்தேன். சாம்பல். அட, இந்த வெள்ளைக்காரர்களுக்கும் பாத்திரம் துலக்கத் தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியமாகப் போயிற்று.

கரித்துண்டும் கருகிய தானியமுமாய் நிறையக் கிடந்தது. பாத்திரத்தில் கீறல் விழும் என்று மாவுச் சல்லடையில் சலித்தேன். சலித்ததில் நின்ற கரியை உம்மு நாயிஃப் கேட்டாள், அடுப்புப் பற்றவைக்க ஆகும் என்று. கொடுத்துவிட்டேன்.

என்ன பளபளப்பு! மூன்று டப்பாவும் காலி. ஒரு பாத்திரம் விடவில்லை. இட்லிக் கொப்பரையில் முகம் பார்த்து மீசையைத் திருத்திக்கொண்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாட்டில் ஹாலிஸ் அண்டாவைத் தட்டிப் பார்த்து, "புதிதாக வாங்கினாயா?" என்று கேட்டார். பெருமையாக இருந்தது.

அப்போது உமையாள், "அண்ணே, சாமான் ரூம்ல மூணு டப்பா வச்சேன்ல, ஏழாம் குழிச் சாம்பல், அது திங்கக்கிழமை லேபுக்குப் போகுது. பத்திரம்ணே. மொத்தமே அம்புட்டுத்தான்" என்றாள்.

எனக்குச் சப்பாத்தி தொண்டையில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தேன். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

ஜனவரி 22, புதன்

காலையிலேயே எழுந்து உம்மு நாயிஃபின் அடுப்பைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தேன். பாவம், அவளுக்கு முதுகுவலி. மூன்று டப்பா சாம்பல் சேர்ந்தது. அதை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தேன்.

உம்மு நாயிஃப் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எதுக்கு இது?" என்று கேட்டாள். சுத்தம் முக்கியம் என்று சொன்னேன். "போன வாரம் ஏன் முக்கியமா இல்ல?" என்றாள். இந்த ஊர்ப் பெண்கள் தேவையில்லாத கேள்விகள் கேட்கிறார்கள்.

ஜனவரி 23, வியாழன்

பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஒன்பது பேர். ஆட்டுக்கறி பிரியாணியை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். அதோடு எழுந்து போயிருந்தால் நல்ல நாளாக இருந்திருக்கும்.

ஹாலிஸ் உமையாளிடம் ஒரு டப்பாவை எடுத்துவரச் சொன்னார். "தொடக் கூடாது, தூரத்துல இருந்து பாத்தாப் போதும்" என்று அவள் எவ்வளவோ சொன்னாள். கேட்டால்தானே? எண்பது வயது இருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா, பேரன் கையைப் பிடித்து நடக்கிற அம்மா, விரலால் ஒரு சிட்டிகை தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதார். "வாழ்நாள் முழுக்க இதற்காகக் காத்திருந்தேன்" என்றார். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். நானும் குனிந்தேன். நான் குனிந்த காரணம் வேறு.

அது உம்மு நாயிஃப் செவ்வாய்க்கிழமை ரொட்டி சுட்ட சாம்பல்.

இந்தப் பக்கத்தை ஐயர் சபையில் வாசிக்க வேண்டாம்.

ஜனவரி 24

தூக்கமில்லை. புளிக்குழம்பில் புளி போட மறந்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதுவும் ஒரு வருத்தம்.

ஜனவரி 25, சனி

உமையாள் டப்பாக்களைக் கட்டித் தயார் பண்ண எடுத்துப்போனாள். அரைமணி நேரத்தில் அடுக்களைக்கு வந்தாள். முகத்தில் ரத்தமில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பாதி எரிந்த தீக்குச்சி. நுனியில் சிவப்பு மருந்து துளி ஒட்டியிருந்தது.

"நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி தீப்பெட்டி ஏதுண்ணே?"

"காத்துல பறந்து விழுந்திருக்கும்மா."

"மூணு டப்பாவுலயும் மூடி இருந்துச்சு. யாரோ மாத்தியிருக்காங்க. இது எங்க சாம்பலே இல்ல. நிறம் வேற." ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சுண்ணே. அஞ்சு வருஷம். ஏழாம் குழியில ஒரு பிடி மிச்சமில்லாம வழிச்சு எடுத்துட்டோம். மிச்சம் இருக்கிறது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல விட்டிருக்கிற மண்சுவர்ல மட்டுந்தான். அதை வெட்டணும்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அவங்க என்னைக்கு ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க?"

நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "ரசம் தரட்டுமா?" என்றுதான் வந்தது.

குடிக்கவில்லை. தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனாள்.

ஜனவரி 26, ஞாயிறு

சமையல்காரன் சாம்பலை எடுத்தது குற்றமா? சாம்பல் என்று எழுதியிருந்த டப்பாவில் சாம்பல் இருந்தது. பத்திரமான பொருளைப் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பார்களா? தாளிக்கிற நேரத்தில் வந்து சொல்லலாமா? நான் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லையே. இதையெல்லாம் உம்மு நாயிஃபிடம் எடுத்துச் சொன்னேன். ரொட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "எல்லாம் சரி. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

சாயங்காலம் டீ கொடுக்கப் போனபோது பதிவேடு திறந்து கிடந்தது. ஏழாம் குழிச் சாம்பலுக்கு நேரே உமையாள் எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். விதிப்படி பூட்டிய கொட்டகையில் வைக்காமல் வேறிடத்தில் வைத்ததால் மாதிரி கெட்டுப்போனது. தவறு என்னுடையது. கீழே அவள் பெயர், கையெழுத்து.

என் பெயரே இல்லை. என் அடுக்களை என்றுகூட எழுதவில்லை. 'வேறிடம்' என்று எழுதியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தீக்குச்சியைக் காட்ட அவள் நேரே என்னிடம் ஏன் வந்தாள்? தெரிந்துதான் வந்திருக்கிறாள். நான் சொல்வேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறாள். நான் ரசம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன்.

சீ, என்ன மனுஷன் நான்.

ஜனவரி 27, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலைச் சாப்பாட்டுக்கு நாற்பது பேரும் இருந்தார்கள். தோசைக் கரண்டியால் அண்டாவைத் தட்டினேன். எல்லோரும் திரும்பினார்கள். என் இங்கிலீஷ் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். ஆனால் இதற்கு அதிக இங்கிலீஷ் தேவைப்படவில்லை. ஏழாம் குழிச் சாம்பலை எடுத்தது நான். பாத்திரம் துலக்கினேன். டப்பாவில் இப்போது இருப்பது ரொட்டி அடுப்புச் சாம்பல். உமையாள்மேல் தவறில்லை, அவள் சொன்னாள், நான் காதில் வாங்கவில்லை. வேலையை விட்டு அனுப்புவதானால் மதியச் சமையலுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள், அரிசி ஊறப்போட வேண்டும்.

ஹாலிஸ் தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. மெதுவாகக் கீழே வைத்தார்.

"என் சோதோமை வைத்துத் தட்டு கழுவியிருக்கிறாய்" என்றார்.

"சோதோம் என்று யார் சொன்னது?" என்று மறு கோடியிலிருந்து பிர்கிட்டா அம்மா கேட்டார். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது. வானத்திலிருந்து விழுந்த தீயில் வெந்த சாம்பலென்றால்தான் இப்படிப் பளபளக்கும் என்று ஹாலிஸ். எல்லா அடுப்புச் சாம்பலும் இப்படித்தான் துலக்கும், அதனால்தான் சமையற்காரருக்கே வித்தியாசம் தெரியவில்லை என்று அந்த அம்மா. நான் செய்த தப்பை ஆளுக்கொரு பக்கம் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வித்தியாசம் தெரியாமலா? என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது?" என்று கத்திவிட்டேன். உமையாள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன்: "அம்மா, நீங்களே இவங்களுக்குச் சொல்லுங்க. விறகுச் சாம்பல்ல தண்ணி பட்டா கையில சோப்பு மாதிரி வழுக்கும். உம்மு நாயிஃப் அம்மா ஒலிவ விறகு எரிக்காவ, அது வழுக்குது. ஏழாம் குழிச் சாம்பல் வழுக்கல. மெத்துன்னு, உள்ள நறநறன்னு இருந்துச்சு. அது வறட்டிச் சாம்பல். சாணம் தட்டிக் காயவச்சு எரிச்சது. நான் சின்னதுல இருந்து அதுல கை வச்சவன். எனக்குத் தெரியாதா?"

உமையாள் மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தாள். பிறகுதான் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாக.

ஹாலிஸ் எழுந்து என் பக்கத்தில் வந்தார். "அருமை, நீ விசுவாசி. நன்றாக நினைத்துப் பார். ஒரு பட்டணமே எரிந்தால் உத்தரம், கதவு, கட்டில் எல்லாம் எரிந்திருக்கும். மரமாக இருந்திருக்கலாமே?"

இருந்திருக்கலாம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. அந்த மனுஷனுக்காக, ஐயருக்காக, எனக்காகவும். இது சோதோமாக இருக்க வேண்டும் என்று அவரைவிட நான் அதிகம் ஜெபித்திருக்கிறேன்.

"இல்ல சார். சாணம்" என்றேன்.

அரிசி ஊறப்போடச் சொன்னார்கள். அதனால் வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 28

உமையாள் சாப்பிட வந்தாள். "மிஸ்டர் அருமைநாயகம், கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜனவரி 29, புதன்

இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள்! பதினோரு வருஷத்தில் முதல் தடவையாம். சாணம் இல்லை என்று நிரூபிக்க ஹாலிஸ் போட்டார். சாணம்தான் என்று நிரூபிக்க அந்த அம்மா போட்டார். மண்சுவரை வெட்டலாம். ஒரே சிக்கல், பிப்ரவரி நாலாம் தேதி அனுமதி முடிகிறது, மேட்டை மூடிவிட வேண்டும்.

மதியச் சமையலை முடித்துவிட்டு நானும் வாளி சுமக்கப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. உமையாள் வாளியை மட்டும் நீட்டினாள்.

ஜனவரி 31

உமையாள் சாம்பலை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டாள். ஆடு மாடு சாணம் எரிந்தால் மட்டும் மிஞ்சும் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்குமாம். ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம். வெட்டிய சுவரின் பக்கவாட்டைக் காட்டினாள். ஒரே படிவம் என்று நினைத்தது மெல்லிய மெல்லிய அடுக்காக இருந்தது.

"இது ஒரே நாள்ல எரிஞ்சது இல்ல" என்றாள். "தினமும் கொண்டுவந்து கொட்டினது. நூறு, இருநூறு வருஷமாவது ஆகும். இங்க ஊர் எரியவே இல்ல."

"அப்போ உங்க பட்டம்?"

"தலைப்பை மாத்தணும். பாதி எழுதினதைக் கிழிக்கணும்." பெருமூச்சு விட்டாள். "ஆனா பொய்யை எழுதிப் பட்டம் வாங்குறதுக்கு இது எவ்வளவோ மேல். டப்பா சாம்பல்ல நான் தேதி மட்டுந்தான் பாத்திருப்பேன். இதைப் பாத்தே இருக்கமாட்டேன்." போகப் போனவள் திரும்பி, "அதுக்காக உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்கண்ணே" என்றாள்.

அண்ணே என்றுவிட்டாள். அதை அவளே கவனிக்கவில்லை. நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பிப்ரவரி 1, சனி

ஐயருக்குப் போன் போட்டேன். சோதோம் இல்லை என்று சொன்னேன். "சோதோம் டைரி வாசிப்புன்னு போஸ்டர் அடிச்சாச்சே ஓய்" என்றார்.

மதியம் ஹாலிஸ் அடுக்களைக்கு வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். தாடி நாலு நாளாக வாரப்படவில்லை. "பதினோரு வருஷம், அருமை. பதினோரு வருஷமாக நான் ஒரு குப்பைமேட்டைத் தோண்டியிருக்கிறேன்" என்றார்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்ததோ தெரியவில்லை. வெங்காயம் வெட்டுகிற கத்தியோடு திரும்பிவிட்டேன். குப்பைமேடு என்று சொல்லாதே சார் என்றேன். இருநூறு வருஷம் ஒருநாள் தப்பாமல் அடுப்பு எரிந்திருக்கிறது. யாரோ ஒருத்தி விடியுமுன்னே எழுந்து சாணி தட்டி, காயவைத்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நாலு பேருக்குச் சோறு ஆக்கியிருக்கிறாள். அவள் போனபின் அவள் மருமகள். அதற்குப்பின் அவள் மகள். இதைப் போய்ப் பாவம் செய்ததால் கடவுள் எரித்த ஊர் என்று நீயும் நானும் இத்தனை நாள் பேசினோமே, வெட்கமாக இல்லையா?

இதை எந்த மொழியில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. மூன்று மொழியும் கலந்திருக்கும். ஹாலிஸ் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவள் என்ன சமைத்திருப்பாள்?" என்று கேட்டார்.

வாசலில் உமையாளும் பிர்கிட்டா அம்மாவும் நின்றிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. அந்த அம்மா பார்லி என்றார். ஹாலிஸ் அவரைக்கொட்டை என்றார். இருவரும் வெளியே போகும்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது.

உமையாள் மட்டும் நின்றாள். "அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? சாம்பலை அள்ளிக்கிட்டு எவ்வளவு தூரம் நடப்பாங்க?"

"உள்ள கனல் இருக்கும்லா. பத்துப் பதினஞ்சு எட்டுக்கு மேல ஒருத்தியும் நடக்கமாட்டா."

"எந்தப் பக்கம் கொட்டுவாங்க?"

"காத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம். இல்லாட்டி கொட்டினதெல்லாம் சோத்துல வந்து விழும்."

அவள் கண் பெரிதாகிவிட்டது. "இங்க காத்து மேற்க இருந்து வரும்" என்றாள். "அப்போ அடுப்பு சாம்பலுக்கு மேற்க இருக்கணும். நாங்க அங்க தோண்டவே இல்ல."

பிப்ரவரி 2, ஞாயிறு

நான்தான் நடந்து காட்டினேன். ஒரு வாளியில் சூடான சாம்பலை உம்மு நாயிஃப் கையில் கொடுத்து, நீ நட என்றேன். ஏழாம் குழியை நோக்கிக் கிழக்கே நடக்கச் சொல்லி, அவள் எங்கிருந்து புறப்பட்டால் கை சுடுவதற்குள் வந்துசேர்கிறாள் என்று பார்த்தோம். மூன்று தடவை நடந்தாள். மூன்று தடவையும் ஹாலிஸை ஏதோ சொன்னாள். நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை. பதிமூன்று எட்டு. உமையாள் அங்கே முளை அடித்தாள்.

பிப்ரவரி 3, திங்கள்

மதியம்வரை வெறும் மண். சாப்பாட்டை மேட்டுக்கே தூக்கிக்கொண்டு போனேன். லெமன் சாதம், உருளைக்கிழங்கு. யாரும் தொடவில்லை. எனக்கும் திட்டத் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு உமையாளின் கரண்டி எதிலோ பட்டது. பிறகு தூரிகையால் தட்டித் தட்டி, மூச்சு விடாமல், ஒரு மணி நேரம். சிவக்க வெந்த களிமண் வளையம் ஒன்று மேலே வந்தது. வாய்ப்பக்கம் திறந்து, பானை உட்கார மூன்று குமிழ் வைத்து. தொட்டுப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பு.

உமையாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். ஹாலிஸ் தொப்பியைக் கழற்றினார். பிர்கிட்டா அம்மா அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். தட்டிக்கொண்டே, "உள்ளே இருக்கும் சாம்பலை ஜாக்கிரதையாக எடுக்க வேண்டும். கடைசியாக எந்தக் காலத்தில் எரிந்தது என்று அதுதான் சொல்லும். எனக்குப் பாதி" என்றார். "எனக்குப் பாதி" என்றார் ஹாலிஸ். சுத்தமான டப்பா இரண்டு வந்தது. உமையாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சின்னக் கரண்டியோடு குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை. தோள் குலுங்கியது. திரும்ப அழுகிறாளோ என்று நான் பதறி எட்டிப் பார்த்தால், சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

அடுப்புக்குள் ஒரு சிட்டிகை சாம்பல் இல்லை. மூலை முடுக்கெல்லாம் வழித்து அள்ளி, உள்ளே மெழுகி வைத்திருந்தாள் அந்தக் காலத்து மகராசி. இரண்டு டாக்டர்களும் மாற்றி மாற்றிக் குனிந்து பார்த்துவிட்டுக் காலி டப்பாவோடு நின்றார்கள்.

ஹாலிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நானில்லை சார்" என்றேன்.